அன்னங்களைக் காணவில்லை

எல்லாக் குழப்பமும் என் வாயால்தான் ஆரம்பித்தது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். கில்மார் எங்கள் வகுப்புக்குப் புதிதாக வந்திருந்தான். அவனுடைய அம்மா ஒரு நர்ஸ். பயிற்சிக்காக, வருடம் முழுக்க வெயிலடிக்கும் குராசாவ் தீவிலிருந்து எங்கள் குளிர்நாட்டு ஊருக்கு வந்திருந்தார். வந்த இரண்டாம் நாளே கில்மார் வகுப்பில் ஒரு படம் வரைந்து காட்டினான். கடலோரத்தில் ஓர் உப்பளம், அதில் குச்சிக் கால்களோடு இளஞ்சிவப்புப் பூநாரைகள்.

"இதெல்லாம் எங்க வீட்டுக்குப் பின்னாடியே நிக்கும்" என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்பது மாடு.

"எங்க ஊருக்கும் பறவை வரும்" என்றேன். "சைபீரியாவுலேருந்து வரும். வெள்ளை அன்னம். ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்குல! சாயங்காலம் ஏரியில வந்து இறங்கும் பாரு, நீ வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பே."

"எப்போ காட்டுவே?"

"குளிர்காலம் வரட்டும்."

அன்றிலிருந்து கில்மார் குளிர்காலத்துக்காகக் காத்திருந்தான். அக்டோபரிலேயே இரண்டு ஸ்வெட்டரும் ஒரு மேல்கோட்டும் போட்டுக்கொண்டு வந்து, "மாரித், இதானே குளிர்காலம்?" என்று கேட்டான். இது இலையுதிர் காலம்தான் என்று நான் சொன்னதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

டிசம்பர் சனிக்கிழமைகள் எல்லாம் மழையிலேயே போயின. ஜனவரி வந்தது. அவனுடைய அம்மாவின் பயிற்சியும் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு விமானம். எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

எங்கள் ஊரில் டைரியைப் பார்க்காமல் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்குக் காபி குடிக்கப் போவதென்றாலும் இரண்டு வீட்டு டைரியும் ஒத்துவர வேண்டும். அதனால் புதன்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பா தன் டைரியை எடுத்துவந்து மேசையில் விரித்தார்.

"சனிக்கிழமை மத்தியானம் காலியாத்தான் இருக்கு. மழையும் இல்லைன்னு போட்டிருக்கான். சைக்கிள்லயே போயிடலாம்" என்றார்.

நான் துள்ளிக் குதித்தேன். அப்பா டைரியை மூடிவிட்டுக் கழிவறைக்குப் போனார். உள்ளேயிருந்து ஒரு கூச்சல் கேட்டது.

"ஐயையோ! சனிக்கிழமை பவ்க்யா அத்தைக்குப் பிறந்தநாள்!"

ஊரில் எல்லார் வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் பிறந்தநாள் காலண்டர் கழிவறைச் சுவரில்தான் தொங்குகிறது. அங்கே போய் உட்காரும்போதுதான் யாருக்கு எப்போது பிறந்தநாள் என்பது ஞாபகத்துக்கு வரும்.

"அப்போ அன்னம்?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"காலையில அத்தை, மத்தியானம் அன்னம்!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"என்னைக் கணக்குல சேர்க்காதீங்க" என்றார் அம்மா. "அடுத்த வாரம் தண்ணி உறையப் போகுதாம்."

சொல்லும்போதே அம்மாவின் கண்கள் பளபளத்தன. ஊர்ப் பனிச்சறுக்குக் கழகத்துக்கு அம்மாதான் தலைவி. ஊருக்குப் பின்னால், வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட மண்கரைக்கு அந்தப் பக்கம், கழகத்துக்கு ஒரு புல்வெளி உண்டு. புத்தாண்டு முடிந்த கையோடு அதில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் பாய்ச்சி வைப்பார்கள். உறைந்தால் ஊரே சறுக்கும். ஆனால் மூன்று வருடமாகப் பனிக்கட்டி என்று ஒன்று எங்கள் ஊர்ப் பக்கமே வரவில்லை. கழகத்தினர் சறுக்குக் காலணிகளை எடுத்துத் துடைப்பதும், பெருமூச்சு விட்டு மறுபடி உள்ளே வைப்பதுமாக இருந்தார்கள்.

"ஆனா ஒண்ணு மட்டும் புரியலை" என்று அம்மா நெற்றியைச் சுருக்கினார். "தினம் காலையில போய்ப் பார்த்தா சறுக்குத் திடல் தண்ணி ஒரே சேறா கலங்கிக் கிடக்கு. புல்லை வேரோட பிடுங்கி மிதக்க விட்டிருக்கு. யாரு வேலை இதுன்னே தெரியலை."

"பசங்களா இருக்கும்" என்றார் அப்பா.

"உள்ளே கால் வைக்கக் கூடாதுன்னு கயிறு கட்டியிருக்கோமே! கயிறு அப்படியே இருக்கு. ஒரு காலடித் தடம்கூட இல்லை. பக்கத்துப் பண்ணையோட வாத்துங்கதான்னு நம்ம கழகத்து சீட்ஸ சாதிக்கிறார். ஆனா அதுங்களை ராத்திரி கொட்டகையில பூட்டிடுறாங்களே!"

அம்மாவின் சேற்றுக் கவலை அன்று என் காதில் சரியாக ஏறவில்லை. என் தலைக்குள் அன்னங்கள் மட்டுமே பறந்துகொண்டிருந்தன.

சனிக்கிழமை காலையில் கில்மாரையும் அத்தை வீட்டுக்கு அழைத்துப் போனோம். கூடத்தில் வட்டமாக நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கம்போல ஒவ்வொருவரிடமும் போய்க் கை குலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டே வட்டத்தைச் சுற்றினோம்.

"பிறந்தநாள் அத்தைக்குத்தானே?" என்று கில்மார் என் காதைக் கடித்தான். "எல்லாரும் எனக்கு எதுக்கு வாழ்த்துச் சொல்றாங்க? நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது."

"இங்க அப்படித்தான். நீயும் பதிலுக்குச் சொல்லிடு."

பிஸ்கட் டப்பா சுற்றி வந்தது. கில்மார் ஒன்றை எடுத்தான். இரண்டாவதற்குக் கை நீளும்போது டப்பா டப்பென்று மூடிக்கொண்டது.

"தீர்ந்துடுச்சா?"

"நிறைய இருக்கு. ஆனா ஆளுக்கு ஒண்ணுதான்."

"இருக்கும்போதே இல்லையா?" என்று அவன் மூடிய டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அரை வருடம் இருந்தும் எங்கள் ஊர் அவனுக்கு முழுசாகப் புரிபடவில்லை.

மத்தியானம் சைக்கிளில் கிளம்பினோம். அப்பா முன்னால், கில்மார் நடுவில், நான் பின்னால். எதிர்க்காற்று ஆளைத் தள்ளியது. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தோம். ஊரை விட்டு வெளியே வரும்போது கரைக்குப் பக்கத்தில் அம்மாவும் சீட்ஸ மாமாவும் நின்றிருந்தார்கள். சீட்ஸ மாமாதான் திடலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். கையிலிருந்த நீளக் கம்பால் தண்ணீரைக் கிளறிக்கொண்டிருந்தார். அவருடைய மீசைகூடக் கோபமாகத்தான் இருந்தது.

"இன்னிக்குப் பிடிச்சிடறேன் அந்தத் திருட்டு வாத்துங்களை!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார்.

ஈரநிலக் காப்பகத்தின் பெயர் ஸ்வெட்டமீர். பெரிய ஏரி, சுற்றிலும் நாணல். கரையோரமாகப் பலகையால் ஒரு மறைவுக் குடில். அதற்குள் உட்கார்ந்து சுவரிலிருக்கும் நீளத் துவாரம் வழியாகப் பறவைகளைப் பார்க்க வேண்டும். காப்பகத்தில் வேலை செய்யும் ஹிங்க அக்கா அங்கே இருந்தார். பச்சை ஜாக்கெட், தலையில் கம்பளித் தொப்பி.

பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். வாத்துகள் இருந்தன. நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்று தூங்கியது. அந்தப் பக்கக் கரை வரை பார்த்தேன். வெள்ளையாக ஒரு புள்ளிகூட இல்லை.

"இப்ப பகல். பீட்ரூட் வயல்ல மேய்ஞ்சுக்கிட்டு இருக்கும்" என்று கில்மாரிடம் சொன்னேன். "சாயங்காலம் தூங்கறதுக்கு இங்கதான் வரும். வருஷா வருஷம் வரும். இல்லையா அக்கா?"

ஹிங்க அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"வருஷா வருஷம் வரும்தான். டிசம்பர்லகூட வந்துச்சு. ஆனா புத்தாண்டுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியலை மாரித். சாயங்காலம் நம்ம தலைக்கு மேலயே பறந்து போகுது, ஆனா இறங்க மாட்டேங்குது. நரி வந்துச்சான்னு பார்த்தேன், இல்லை. நோயான்னு பார்த்தேன், அதுவும் இல்லை. எனக்கே மண்டை காயுது."

பறவைகளோடு பழகி வேலை செய்கிற அக்காவுக்கே தெரியவில்லை என்றால் நான் எங்கே போய்த் தேடுவேன்?

கில்மார் துவாரத்தின் வழியே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, இந்தத் தண்ணி எவ்வளவு ஆழம்?"

"இந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்துடுச்சே! வழக்கமா முழங்கால் அளவுதான் இருக்கும். இப்ப என் உயரத்துக்கு இருக்கு."

"எங்க ஊர்ல பெரிய மழை பெய்ஞ்சா பூநாரையெல்லாம் போயிடும். உப்பளம் நிறைஞ்சுடும் இல்ல? கால் எட்டாது."

"அன்னம் நிக்காதுடா, மிதக்கும்" என்று நான் வெடுக்கென்று சொன்னேன். எனக்கு அப்போது யார் மேலோ கோபமாக இருந்தது.

வெளிச்சம் மங்கியது. அப்பா பிளாஸ்கிலிருந்து பட்டாணி சூப் ஊற்றிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே இருக்கும்போது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. மெதுவாக, யாரோ பாட்டில் வாயில் ஊதுவது போல.

"வருது! வருது!" என்று கத்தினேன்.

வந்தன. வரிசை வரிசையாக, கழுத்தை நீட்டிக்கொண்டு, சிறகடித்தபடி. உயரத்தில் எங்கள் குடிலைத் தாண்டின. ஏரியைத் தாண்டின. ஒன்றுகூட இறங்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கமாகப் போய்க் கண்ணுக்கு மறைந்தன.

கில்மார் பைனாகுலரை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். "பார்த்துட்டேன் மாரித். ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவன் பார்த்தது கொசுவளவு புள்ளிகளை. அவன் என்னைக் கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. அப்படி அன்பாகச் சொன்னதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன் அடித்தது. அம்மா. கத்திய கத்தலில் எங்களுக்கே கேட்டது.

"இந்த மனுஷனைத் தடுக்கவே முடியலை! ரெண்டு பானை மூடியைத் தூக்கிக்கிட்டுக் கரை மேல போய் உட்கார்ந்திருக்கார். வாத்து வந்ததும் அடிச்சு விரட்டப் போறாராம். தண்ணியில வெள்ளை இறகு கிடந்துச்சாம், அதுதான் சாட்சியாம். அது என்ன வாத்தோ! இறகு என் முழங்கை நீளம் இருக்கு!"

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சூப் கிண்ணத்தை அப்படியே வைத்தேன்.

வெள்ளை இறகு. முழங்கை நீளம். வேரோடு பிடுங்கிய புல். காலையில் மட்டும் சேறு, ஆனால் காலடித் தடம் இல்லை. இந்த ஏரி இப்போது ஆழம். நாங்கள் தண்ணீர் பாய்ச்சியது எப்போது? புத்தாண்டு முடிந்த கையோடு.

"அக்கா! அன்னம் தண்ணிக்கு அடியில இருக்கற வேரைத் தின்னுமா?"

"ஆமா, கழுத்தை உள்ளே விட்டுத் தோண்டித் தின்னும்."

"கழுத்து அடி வரைக்கும் எட்டலைன்னா?"

ஹிங்க அக்கா சட்டென்று திரும்பித் துவாரம் வழியாக ஏரியைப் பார்த்தார்.

"கில்மார், நீ சொன்னதுதான் சரி!" என்றேன். "கால் இல்லை, கழுத்து! கழுத்து எட்டலை! அதான் ஆழமில்லாத தண்ணியைத் தேடிப் போயிருக்கு. கணுக்கால் அளவு தண்ணி! நாங்களே மெத்தை விரிச்சு வெச்சிருக்கோம்!"

"எங்கே?" என்றான் அவன் ஒன்றும் புரியாமல்.

"எங்க அம்மாவோட பனித்திடல்ல! சைக்கிளை எடு! சீட்ஸ மாமா விரட்டிடப் போறார்!"

"முதல்ல ஒரு போன் போட்டுச் சொல்லிடறேன்" என்று அப்பா நம்பரை அழுத்தினார். அம்மா எடுக்கவில்லை. எடுக்காத போனைக் காதில் வைத்தபடியே அப்பாவும் ஓடிவந்தார்.

போகும்போது எதிரில் அடித்த காற்று இப்போது முதுகில் அடித்தது. அப்படி ஒரு வேகத்தில் நான் சைக்கிள் ஓட்டியதே இல்லை. அப்பா, "விளக்கைப் போடுங்க! விளக்கைப் போடுங்க!" என்று பின்னால் கத்திக்கொண்டே வந்தார். ஊருக்குள் தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லார் வீட்டு ஜன்னலிலும் வெளிச்சம், உருளைக்கிழங்கு வேகும் வாசனை. அதனால்தான் இத்தனை நாளும் யார் கண்ணிலும் படவில்லை. அன்னங்கள் வந்து இறங்கும் நேரம் எங்கள் ஊர் முழுக்க அடுப்படியில் இருக்கும் நேரம்.

கரையடியில் சைக்கிள்களைப் போட்டுவிட்டு மேலே ஏறினோம். கரை மேல் சீட்ஸ மாமா பானை மூடிகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, அன்னங்கள் இன்னும் இறங்கவில்லை; இருட்டும் வரை தூரத்து வயல்களுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்திருக்கின்றன.

"வருதுங்க, வருதுங்க! சத்தம் கேக்குது!" என்று மாமா மூடிகளைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"மாமா, அடிக்காதீங்க! அது வாத்து இல்லை!"

"அப்போ என்னவாம்?"

நான் பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே, தொட்டுவிடலாம் போன்ற உயரத்தில், பெரிய வெள்ளைச் சிறகுகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. கால்களை முன்னால் நீட்டிச் சறுக்கியபடி தண்ணீரில் இறங்கின. ஒரு வரிசை இறங்கி முடிப்பதற்குள் அடுத்த வரிசை. மங்கலான வெளிச்சத்தில் திடல் முழுவதும் வெள்ளையாகிக்கொண்டே வந்தது. அந்தப் பாட்டில் ஊதும் சத்தம் இப்போது எங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் கேட்டது.

கில்மார் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"சறுக்கிக்கிட்டே இறங்குது" என்று மெல்லச் சொன்னான். "இதுங்களும் இந்த ஊரு ஆளுங்கதான்."

அம்மா ஈரப்புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சீட்ஸ மாமா மட்டும் மூடிகளை இறக்கவில்லை.

"அழகாத்தான் இருக்கு. யாரு இல்லைன்னா?" என்றார் கரகரத்த குரலில். "ஆனா எச்சம் போட்டுச் சேறாக்கினா பனிக்கட்டி முழுக்க மேடும் பள்ளமுமா உறையும். மூணு வருஷமா ஊரே காத்துக் கிடக்கு. சின்னக் குழந்தைங்க எத்தனை பேருக்குச் சறுக்கவே தெரியாது! அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். என் குழப்பம் மறுபடி ஆரம்பித்தது. கில்மாரைப் பார்த்தேன். அவன் நாளைக்குப் போகிறவன். மாமாவைப் பார்த்தேன். அவர் இங்கேயே இருக்கிறவர்.

"மாமா, இன்னிக்கு விரட்டினா நாளைக்கு மறுபடி வரும்" என்றேன் மெதுவாக. "அதுங்களுக்குப் போக வேற இடம் இல்லை. இடம் இருந்தா அதுங்களே போயிடும்."

"இடத்துக்கு நான் எங்க போவேன்?"

"ஏரி இருக்கு. தண்ணியைக் குறைச்சா போதும். அப்பா, போனைக் குடுங்க."

ஹிங்க அக்கா உடனே எடுத்தார். நான் மூச்சு விடாமல் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மதகுல பலகையை எடுத்துட்டாத் தண்ணி வடியும். தண்ணி வாரியத்தைக் கேக்கணும், நான் இப்பவே கேக்கறேன். ஓரத்துல ஆழம் குறைஞ்சதுமே இறங்க ஆரம்பிச்சுடும். அது பெரிய ஏரி, காத்து ஓயாது, சீக்கிரம் உறையாது. உங்க மாமாகிட்ட ரெண்டு மூணு நாள் பொறுத்துக்கச் சொல்லு."

சொன்னேன். சீட்ஸ மாமா மீசையைத் தடவினார். அன்னங்களைப் பார்த்தார். கில்மாரைப் பார்த்தார்.

"நீ எந்த ஊருப்பா?"

"குராசாவ். நாளைக்குக் கிளம்பறோம்."

"சறுக்கத் தெரியுமா?"

"தெரியாது. இங்க உறையவே இல்லையே மாமா! மாரித் சொன்ன குளிர்காலம் இன்னும் வரவே இல்லை."

சீட்ஸ மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பானை மூடி ஒன்றை ஈரப்புல்லில் கவிழ்த்துப் போட்டு, "உட்காரு. புல் சில்லுனு இருக்கும்" என்றார். இன்னொன்றை எனக்குப் போட்டார். கண் தெரியாமல் இருட்டும் வரை நாங்கள் மூடி மேல் உட்கார்ந்து பார்த்தோம். அன்று எங்கள் வீட்டில் ஆறு மணிச் சாப்பாடு ஆறு மணிக்கு நடக்கவில்லை. நான் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை கில்மார் போய்விட்டான். அவன் இல்லாத நாற்காலி வகுப்பில் எனக்கு நேர் எதிரே இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன், முடியவில்லை.

மதகுப் பலகையை எடுத்தார்கள். ஒரு சாயங்காலம் அன்னங்கள் எங்கள் திடலுக்கு வரவில்லை. மறுநாள் ஹிங்க அக்கா குடிலிலிருந்து போன் செய்து, போனை வெளியே நீட்டிச் சத்தத்தைக் கேட்க வைத்தார். திடல் தண்ணீர் தெளிந்தது. அந்த வாரக் கடைசியில் நிஜமாகவே உறைந்தது. ஊரே சறுக்குக் காலணியோடு வந்து குவிந்தது.

நான் மூன்றாவது சுற்றில் சறுக்கும்போது அதைப் பார்த்தேன். பனிக்கட்டிக்குள், கண்ணாடிக்கு அடியில் வைத்தது போல, முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளை இறகு. போட்டோ எடுத்துக் கில்மாருக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"யாரும் அது மேல சறுக்காம பார்த்துக்கோ!"

சீட்ஸ மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நேராகக் கழகத்தின் குடிசைக்குப் போனார். பனிக்கட்டி மெலிதாக இருக்கும் இடத்தில் ஆபத்து என்று நட்டு வைக்கும் சிவப்புக் கொடி ஒன்றை எடுத்து வந்து, அந்த இறகின் பக்கத்தில் நட்டார்.

அந்த வாரம் முழுவதும் எங்கள் ஊர் அந்த இறகைச் சுற்றிக்கொண்டுதான் சறுக்கியது.